விமானத்தைப் பார்க்காமல் எண்ண முடியுமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். எடப்பாடிப் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்த உங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, 1971 பாகிஸ்தான் போரின்போது ஐ.என்.எஸ். விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் பாய்லர் அறையில் வேலை பார்த்தவர். போன வருடம் காலமாகிவிட்டார். பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கியை எங்கள் கப்பல்தான் முடித்தது என்பாராம். பாய்லரில் விரிசலோடுதான் போருக்குப் போனோம் என்பாராம். விமானம் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை, ஆனால் அத்தனையையும் எண்ணினேன் என்பாராம். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஒருநாளும் படுத்ததில்லை. கப்பலின் அடியில் எண்ணெய் எரித்துக்கொண்டிருந்தவருக்குப் போரைப் பற்றி என்ன தெரியும், பாதி கதைதான் என்று உங்கள் மாமா சொல்வது உங்களை உறுத்துகிறது. ஆக, நாலு கேள்வி மாதிரி தெரிந்தாலும் நீங்கள் கேட்பது ஒன்றுதான்: அப்புச்சி சொன்னதை நம்பலாமா?

நான் யார் என்று சொல்லாமல் பதில் சொல்வது சரியாகாது. அம்மாபேட்டையில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவன். 1977-ல் கடற்படையில் சேர்ந்தேன். லோனாவாலாவில் ஐ.என்.எஸ். சிவாஜியில் எந்திரப் பயிற்சி முடித்து, பதினைந்து ஆண்டு நீராவிக் கப்பல்களிலேயே ஓடினேன். அதில் 1984-லிருந்து இரண்டரை ஆண்டு விக்ராந்தில். ஊர் திரும்பிய பிறகும் ஒரு சைசிங் ஆலையில் பாய்லர்தான் பார்த்தேன். 1971-ல் நான் பள்ளிக்கூடப் பையன். உங்கள் அப்புச்சியை எனக்குத் தெரியாது. அந்தப் போரில் கப்பலின் அடித்தளத்தில் நின்ற மூத்தவர்கள் சிலர் மட்டும் நான் சேர்ந்த காலத்தில் இன்னும் பணியில் இருந்தார்கள். அவர்களிடம்தான் தொழில் கற்றேன். ஆகவே பாய்லரைப் பற்றி நான் சொல்வது என் கை அறிந்தது. போரைப் பற்றிச் சொல்வது பதிவில் இருப்பது. உங்கள் அப்புச்சியின் மனதைப் பற்றிச் சொல்வது ஊகம். மூன்றையும் கலக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

விரிசல் விஷயம் உண்மை, அதில் சந்தேகமே வேண்டாம். விக்ராந்தின் பாய்லர்களில் தண்ணீர் நிற்கும் டிரம் என்று ஒரு பாகம் உண்டு. நீளமான, தடித்த சுவருள்ள எஃகு உருளை. 1970-ல் கப்பல் பம்பாயில் பழுதுபார்ப்புக்கு நின்றபோது அந்த டிரம்களுக்குள்ளே களைப்பு விரிசல்கள் தெரிந்தன. பல ஆண்டு சூடாகி ஆறி, சூடாகி ஆறி இரும்பு தளர்ந்துபோவதைத்தான் களைப்பு என்கிறோம். வெல்டிங் வைத்துச் சரிசெய்கிற இனம் இல்லை அது. புது டிரம்கள் பிரிட்டனிலிருந்து வர வேண்டும். அவை வரும் முன்னே போர் வரும் போலிருந்தது. கப்பலைக் கரையிலேயே கட்டிப்போட்டுவிடலாம் என்ற பேச்சும் அப்போது இருந்தது. அன்றைய கடற்படைத் தளபதி அட்மிரல் நந்தா அதை ஏற்கவில்லை. அழுத்தத்துக்கு வரம்பு கட்டி, சுழற்சியைக் குறைத்து, ஓட்டிப் பார்த்துப் பார்த்து, 1971 ஜூலையில் கப்பலைக் கிழக்குக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். முழு வலுவில் 24 நாட் வேகத்தில் ஓட வேண்டிய கப்பல், 14-லிருந்து 16 நாட்டுக்குள் ஓடியது. நம் கணக்கில் மணிக்கு 30 கிலோமீட்டருக்குள். சேலம் டவுன் பஸ் ஓடுகிற வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் உங்கள் அப்புச்சியின் இடம் எது என்று யோசியுங்கள். வீட்டுக் குக்கரில் இருக்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு. கப்பல் பாய்லரில் அது நூற்றுக்கணக்கான பவுண்டு. விரிசல் இருக்கிறது என்று தெரிந்த பாய்லருக்கு எதிரே, கை நீட்டினால் தொடும் தூரத்தில், அவர் வாட்ச் வாட்சாக, அதாவது ஷிஃப்ட் ஷிஃப்டாக, நின்றிருக்கிறார். மேல்தளத்தில் இருந்தவர்களுக்கு எதிரி வானத்திலோ தண்ணீருக்கடியிலோ இருந்தான். பாய்லர் அறைக்காரருக்கு முன்னால் இன்னொன்றும் இருந்தது. அதற்குத் தீ மூட்டி வைத்திருப்பதே அவர் வேலை.

இனி அந்த எண்ணிக்கை. நீங்கள் புதிர் என்று எழுதியிருந்த அந்த ஒரு வரியைப் படித்ததும் இவர் பாய்லர் அறையில் நின்றவர்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வெளியிலிருந்து கதை கட்டுகிற எவருக்கும் அந்த வரி தோன்றாது.

விக்ராந்த் மாதிரிச் சின்னத் தளத்தில் விமானம் தானாக ஓடி எழும்ப இடம் போதாது. தளத்தின் முன்பக்கம் கேட்டபுல்ட் என்று ஒரு கவண் இருக்கும். தளத்துக்கடியில் நீள உருளை, அதற்குள் பிஸ்டன், அதில் விமானத்தை மாட்டி, நீராவியைத் திறந்துவிட்டால் நாலு எட்டில் விமானம் கடலுக்கு மேலே போய்விடும். அந்த நீராவி எங்கிருந்து வருகிறது? கப்பலை ஓட்டுகிற அதே பாய்லர்களிலிருந்துதான். ஒவ்வொரு விமானம் போன பிறகும் கவணின் கலத்தை மறுபடி நிரப்ப வேண்டும். நிரப்பும்போது கீழே பாய்லரின் அழுத்தமானியில் ஊசி சட்டென்று இறங்கும். கூடவே இன்னொன்றும் நடக்கும். அழுத்தம் திடீரென்று குறைந்தால் பாய்லருக்குள் தண்ணீர் குமிழ்விட்டுப் பொங்கும், அதனால் கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் ஏறுவது போலத் தோன்றும். உண்மையில் தண்ணீர் ஏறியிருக்காது. புதுப் பையன் அதைப் பார்த்துப் பயந்து தண்ணீர் வரத்தைக் குறைத்துவிட்டால் அடுத்த நிமிடம் மட்டம் கீழே விழுந்து பாய்லரின் குழாய்களே போய்விடும். பழகினவன் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பான். ஊசி இறங்கும், தீயைக் கூட்டுவான், ஊசி ஏறும். ஒன்று போயிற்று. மறுபடி இறங்கும். இரண்டு.

1984-ல் நான் அங்கே போனபோது சீ ஹாக் ஜெட் போர் விமானங்கள் ஓய்வு பெற்றுவிட்டன. நீர்மூழ்கியைத் தேடும் அலிசே விமானம் மட்டும் கவணில் ஏறிக்கொண்டிருந்தது. முதல் முறை ஊசி இறங்கியபோது என் பக்கத்தில் நின்ற மூத்தவர் விரலை மடக்கிக் காட்டினார். அந்தச் சத்தத்தில் பேச முடியாது, விரல்தான் பேச்சு. ஒரு மாதத்தில் நானும் மடக்க ஆரம்பித்தேன். 1971 டிசம்பர் 4 காலையில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில், இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் காக்ஸ் பஜார் விமானதளத்தைத் தாக்க விக்ராந்திலிருந்து எட்டு சீ ஹாக் போயின. அன்று பிற்பகல் சிட்டகாங். உங்கள் அப்புச்சி அந்த வாட்சில் இருந்திருந்தால், எட்டு முறை ஊசி இறங்கியதை அவர் பார்த்திருப்பார். மேலே போர் தொடங்கிவிட்டது என்பது அவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும்.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊசி போவதை மட்டும்தான் காட்டும். விமானம் திரும்பி இறங்குவதற்குப் பாய்லர் நீராவி தேவையில்லை. போனவை எட்டு என்று அவருக்குத் தெரியும், வந்தவை எத்தனை என்று வாட்ச் முடிந்து மேலே ஏறினால்தான் தெரியும், அல்லது ஒலிபெருக்கியில் யாராவது சொன்னால். அந்தப் போரில் சீ ஹாக் ஒன்றுகூடச் சுட்டு வீழ்த்தப்படவில்லை என்று இன்று நமக்குத் தெரியும். அன்று கீழே நின்றவருக்குத் தெரியாது.

வேகம் குறைந்த கப்பலில் இந்த வேலை இன்னும் கடினம். விமானம் எழும்பக் காற்று எதிரே வர வேண்டும். கப்பல் காற்றை நோக்கித் திரும்பி ஓடும். இயற்கைக் காற்றும் கப்பலின் வேகமும் சேர்ந்து தளத்தின் மேல் வீசுகிற காற்றுதான் விமானத்துக்குத் தாங்கல். வங்கக் கடலில் காற்று செத்துக் கிடக்கிற நாளில் கப்பலின் ஓட்டம்தான் காற்று. 16 நாட்டுக்கு மேல் போகக் கூடாத கப்பலிலிருந்து, கவணுக்கும் நீராவி கொடுத்து, ஓட்டத்துக்கும் நீராவி கொடுத்து, அழுத்த வரம்பையும் மீறாமல் நாள் கணக்காகச் சமாளித்திருக்கிறார்கள். அதைச் செய்தது விமானிகளும் கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷும் மட்டுமில்லை. வாட்சுக்கு வாட்ச் அந்தத் தீயைப் பார்த்துக்கொண்ட ஆட்களும்தான். இதை உங்கள் மாமாவிடம் அவசியம் சொல்லுங்கள்.

அந்த அறை எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். ஏற்காடு மலை ஏறும்போது வளைவுக்கு வளைவு காது அடைக்கும் இல்லையா, அதிலிருந்து தொடங்குகிறேன். தீக்கு வேண்டிய காற்றைப் பெரிய விசிறிகள் அறைக்குள் திணித்துக்கொண்டே இருக்கும். ஆகவே அறைக்குள் காற்றழுத்தம் வெளியைவிடக் கூடுதல். நேரே கதவைத் திறந்து போய்விட முடியாது. இரண்டு கதவு, நடுவே ஓர் ஆள் நிற்கிற கூண்டு. முதல் கதவைத் திறந்து உள்ளே போய், அதை மூடி, பிறகுதான் இரண்டாவதைத் திறக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகத் திறந்தால் காற்று வெளியே பாய்ந்து, தீ அடுப்பிலிருந்து ஆளை நோக்கி நாக்கை நீட்டும். இரண்டாவது கதவைத் தாண்டும்போது காது லேசாக அடைக்கும். அப்புறம் வெக்கை. சேலத்துச் சித்திரை வெயில் நமக்கெல்லாம் பழக்கம்தான். வெள்ளைக்கல் சூளைப் பக்கம் நின்றவர்களுக்கு இன்னும் கொஞ்சம் புரியும். ஆனால் சூளையிலிருந்து பத்தடி தள்ளி வரலாம். அங்கே தள்ளி வர இடமில்லை. 45, 50 டிகிரி சாதாரணம். ஏணியின் கைப்பிடி சுடும் என்று கையில் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குவோம். உடம்பில் முழுப் பருத்தி உடுப்பு, கழுத்தில் வேர்வைத் துணி. எலுமிச்சைத் தண்ணீரும் உப்பும்தான் ஆளை நிற்க வைக்கும்.

வாட்ச் மாற்றும்போது முதல் கேள்வி, தண்ணீர் எங்கே என்பதுதான். கண்ணாடிக் குழாயில் மட்டத்தைக் கண்ணால் பார்த்து, குழாயை ஒருமுறை ஊதித் திறந்து மூடி, அது பொய் சொல்லவில்லை என்று உறுதி செய்த பிறகுதான் பொறுப்பு கை மாறும். தண்ணீர் குறைந்தால் பாய்லர் போச்சு, கூடினால் நீராவியோடு தண்ணீரும் போய் டர்பைன் போச்சு. நாலு மணி நேரம் அந்த ஒரு சாண் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. போர்க்காலத்தில் நாலு மணி வேலை, நாலு மணி ஓய்வு என்று மாறி மாறி ஓடும். ஓய்வென்று பெயர்தான், அதற்குள்ளேயே சாப்பாடு, துணி, தூக்கம் எல்லாம்.

நீராவி வெள்ளையாகப் புகையுமே, அதைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாமே என்று பலர் நினைக்கிறார்கள். வெள்ளையாகத் தெரிவது ஆறிப்போன நீராவி. டர்பைனுக்குப் போகிற மிகைச்சூட்டு நீராவி கண்ணுக்கே தெரியாது. குழாய் இணைப்பில் ஊசித் துளை அளவு கசிந்தால் விசில் மாதிரி ஒரு சத்தம் கேட்கும், எங்கிருந்து என்று தெரியாது. கைநீட்டித் தேடினால் சதை போய்விடும். ஒரு கம்பின் நுனியில் துணி கட்டி, அதை முன்னால் நீட்டிக்கொண்டே மெல்ல நடப்போம். துணி படபடக்கிற இடம்தான் கசிவு. என் இடது முன்கையில் ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு வெள்ளைத் தழும்பு இருக்கிறது. ஓர் இரவு அந்தக் கம்பை எடுக்க நான் இரண்டடி நடக்காததன் அடையாளம். உங்கள் அப்புச்சியின் கைகளிலும் அப்படி ஏதாவது இருந்ததா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

புகை இன்னொரு கவலை. தீக்குக் காற்று குறைந்தால் புகைபோக்கியில் கரும்புகை, கூடினால் வெண்புகை. போரில் பகல் நேரத்துக் கரும்புகை என்பது பல மைலுக்கு அப்பாலும் தெரிகிற கொடி, இந்தக் கப்பல் இங்கே இருக்கிறது என்று. ஆகவே மேலிருந்து ஒரு சொல் வந்தால் கீழே வியர்த்துக் கொட்டும். இரவில் வெளியே ஒரு விளக்குப் பொட்டு தெரியக் கூடாது, மேல்தளத்தில் பீடி கூடாது, குப்பையைக்கூட நினைத்த நேரத்தில் கடலில் கொட்டக் கூடாது. மிதக்கும் குப்பையைப் பின்தொடர்ந்து நீர்மூழ்கி வரும். நல்ல தண்ணீர் விஷயத்தில் ஒரே விதிதான்: முதலில் பாய்லர், அப்புறம் மனுஷன். கடல்நீரைக் காய்ச்சி வடிக்கிற நன்னீரில் பாய்லர் குடித்த மிச்சம்தான் நமக்கு. குளியல் பாதி நாள் உப்புத் தண்ணீரில். வேர்க்குரு இல்லாத பாய்லர்காரரை நான் பார்த்ததில்லை.

கதவு விஷயத்துக்கு வருகிறேன். இதில் எது உறுதி, எது ஊகம் என்று நீங்கள் பிரித்துப் படிக்க வேண்டும். போர் நிலைக்கு மணி அடித்ததும் கப்பலில் இருக்கிற எல்லா நீர்புகாக் கதவுகளையும் தரை மூடிகளையும் இழுத்துச் சாத்தி, இரும்புப் பிடிகளால் இறுக்குவார்கள். ஓர் அறையில் தண்ணீர் புகுந்தால் அடுத்த அறைக்குப் போகக் கூடாது என்பதற்காக. கப்பலைக் காப்பாற்றும் ஏற்பாடு அது, அது இல்லாமல் முடியாது. ஆனால் பாய்லர் அறையில் நிற்பவருக்குத் தலைக்கு மேலே மூடி விழுகிற சத்தம் கேட்கும். ஒவ்வொரு பிடியாக இறுகுவதும் கேட்கும். நீர்மட்டத்துக்குக் கீழே, ஒரு பக்கம் பாய்லர், மறு பக்கம் ஓர் இரும்புத் தகடு, அதற்கு வெளியே கடல். டார்பிடோ வந்தால் முதலில் அடி வாங்குவது பெரும்பாலும் கப்பலின் நடுப்பகுதி. பாய்லரும் எந்திரமும் இருப்பது அங்கேதான்.

1971 டிசம்பர் 9 இரவு மேற்குக் கரையில் தியூவுக்கு அப்பால் ஐ.என்.எஸ். குக்ரியை ஹங்கோர் என்ற பாகிஸ்தான் நீர்மூழ்கி தாக்கியது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கிவிட்டது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் இறந்தார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு வராமல் அதனோடேயே போனார். அவர் பெயர் எல்லோருக்கும் தெரியும், தெரிய வேண்டும். அந்த 176 பேரில் எத்தனையோ பேர் மூடிகளுக்குக் கீழே வாட்சில் நின்றவர்கள். செய்தி கிழக்குக் கரையில் இருந்த கப்பல்களுக்கும் வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு இறங்கிய ஒவ்வொரு வாட்சும் வேறு மாதிரி இருந்தது என்று என் மூத்தவர் ஒருவர் சொன்னார். மேற்கொண்டு அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இதனால்தான் உங்கள் அப்புச்சி கதவு சாத்தவில்லை என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். நம் ஊரில் வெக்கைக்குத் திண்ணையில் படுக்காத பெரியவர் உண்டா? ஆனால் மார்கழிக் குளிரிலும், மழையிலும், கல்யாண வீட்டில் விருந்தாளியாகப் போன இடத்திலும்கூடக் கதவைத் திறந்து வைத்துத்தான் படுப்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். அது வெக்கைக்காக மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

காஜி பற்றி அவர் சொன்னது மட்டும் சரியில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். காஜி பாகிஸ்தானின் நெடுந்தூர நீர்மூழ்கி. நவம்பர் 14-ஆம் தேதி கராச்சியிலிருந்து கிளம்பி இலங்கையைச் சுற்றி வங்கக் கடலுக்கு வந்தது விக்ராந்தைத் தேடித்தான். டிசம்பர் 3 நள்ளிரவையொட்டி விசாகப்பட்டினத் துறைமுகத்துக்கு வெளியே அது மூழ்கியது, அதிலிருந்த 90-க்கு மேற்பட்டவர்கள் அனைவரும் இறந்தார்கள். இவ்வளவும் உறுதி. எப்படி மூழ்கியது என்பதில்தான் வழக்கு. துறைமுகத்திலிருந்து வெளியே வந்த ஐ.என்.எஸ். ராஜ்புத் போட்ட ஆழ்வெடிகளால் என்பது நம் தரப்பு. தானே விதைத்த கண்ணிவெடியில் சிக்கியது என்பது பாகிஸ்தான் தரப்பு. உள்ளே ஏற்பட்ட வெடிவிபத்து என்பாரும் உண்டு. எது எப்படியானாலும் அன்றிரவு விக்ராந்த் அங்கே இல்லை. அந்தமான் தீவுகளில், போர்ட் எக்ஸ்ரே என்ற மறைபெயர் வைத்த ஓர் ஒதுக்கிடத்தில் பதுங்கியிருந்துவிட்டுக் காக்ஸ் பஜார் பக்கம் போய்க்கொண்டிருந்தது. விசாகப்பட்டினம் பல நூறு கிலோமீட்டர் தள்ளி.

அதற்காக அவர் பொய் சொன்னார் என்று நினைத்துவிடாதீர்கள். கீழே நிற்பவருக்குப் போர் வருவது ஒலிபெருக்கி வழியாக. காஜி ஒழிந்தது என்ற செய்தி கப்பலில் பரவியபோது, நம்மைத் தேடி வந்தவன் போய்விட்டான் என்று எல்லாருக்கும் மூச்சு வந்திருக்கும். நம்மால்தான் வந்தான், நம்மவர்தான் முடித்தார்கள் என்பது ஐம்பது வருடத்தில் எங்கள் கப்பல்தான் முடித்தது என்று ஆகியிருக்கலாம். என் அனுபவத்தில் பாய்லர்காரர்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லும்போது துல்லியமாகச் சொல்வார்கள், காதால் கேட்டதைச் சொல்லும்போது கொஞ்சம் பெருகும். ஊசியைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் கூடவில்லை பாருங்கள்.

உங்கள் அம்மா பிறந்தது 1971 கார்த்திகையில், அப்புச்சிக்கு அது தை மாதம்தான் தெரிந்தது, அதற்காக உங்கள் அம்மாவின் அம்மாவான அம்மாயி இன்றைக்கும் வருத்தப்படுவார் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எனக்கு அது போகிற போக்கில் படிக்கிற வரியாக இல்லை. கப்பலுக்குப் போகிற கடிதம் கடற்படைத் தபால் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து கப்பல் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும். கப்பல் இருக்கும் இடமே ரகசியம் என்றால் கடிதம் எப்படிப் போகும்? கிழக்குக் கட்டளைத் தளபதி வைஸ் அட்மிரல் கிருஷ்ணன், விக்ராந்த் விசாகப்பட்டினத்தில்தான் இருக்கிறது என்று எதிரியை நம்ப வைக்கப் பல வேலைகள் செய்தார். பெரிய கப்பலுக்கு வேண்டிய அளவு உணவுப் பொருளை விசாகப்பட்டினத்தில் வாங்க ஏற்பாடு செய்தார். ராஜ்புத்தைக் கொண்டு, பெரிய கப்பல் மாதிரி நிறைய வானொலிச் செய்தி அனுப்ப வைத்தார். அதில் ஒன்று, ரகசியக் குறியீடு இல்லாமல் எவரும் கேட்கும்படி அனுப்பிய செய்தி. விக்ராந்தின் மாலுமி ஒருவர், கடுமையாக நோயுற்ற தன் தாயின் உடல்நிலையை விசாரிப்பதாக.

நம் ஊரில் அந்தக் காலத்தில் தந்தி என்றாலே பிரிக்கும் முன்பே அழுகை தொடங்கிவிடும். எதிரியை ஏமாற்றப் பொய்த் தாயின் நோய் பற்றி ஒரு செய்தி கடலுக்கு மேலே போய்க்கொண்டிருந்த அதே வாரங்களில், எடப்பாடியில் பிறந்த நிஜக் குழந்தையைப் பற்றிய செய்தி எங்கோ ஒரு பையில் கட்டிக் கிடந்திருக்கிறது. அவர் அலட்சியமாக இருந்தார் என்று அம்மாயி நினைத்திருந்தால், அப்படி இல்லை என்று தயவுசெய்து சொல்லிவிடுங்கள். கிழக்கே போர் டிசம்பர் 16-ல் முடிந்தது. தபால் சீராகித் தை மாதம் தெரிந்தது என்பது நியாயமான கணக்கு.

அவர் சத்தமாகப் பேசினார், உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொண்டார் என்பதும் தொழிலின் கொடைதான். தறிச் சத்தத்தில் வளர்ந்த எனக்கே விசிறிகளின் இரைச்சல் வேறு இனமாக இருந்தது. மூச்சுத் தொல்லை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தக் காலத்து நீராவிக் கப்பல்களில் சூட்டுக் குழாய்களைச் சுற்றி ஆஸ்பெஸ்டாஸ் போர்வை இருக்கும், பழுது பார்க்கும்போது அதை வெறுங்கையால் உரிப்போம். அந்தத் தூசு பல பத்தாண்டு கழித்து நுரையீரலைப் பாதிக்கும் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை. ஆனால் உங்கள் அப்புச்சியின் மூச்சுத் தொல்லை அதனால்தானா என்பதை அவரது ஸ்கேன் படங்களைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல முடியும், நான் சொல்லக் கூடாது.

கடைசியாக, உறுதிப்படுத்துவது எப்படி. தகரப் பெட்டியில் ஒரு நட்சத்திரமும் சில வட்டப் பதக்கங்களும் இருக்கின்றன என்றீர்கள். நட்சத்திரத்தில் இருக்கும் பெயரைப் பாருங்கள். 1971-ல் கிழக்கே பணியாற்றியவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கே பணியாற்றியவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார். பூர்வி என்று இருந்தால் அவர் அந்தப் போரில் வங்கக் கடல் பக்கம் இருந்தார் என்பதற்கு அதுவே சாட்சி. வட்டப் பதக்கங்களில் ஒன்று சங்கிராம் மெடலாக இருக்கும். அவற்றை எலுமிச்சையோ புளியோ போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். விளிம்பில் சின்ன எழுத்தில் அவருடைய பெயரும் பணி எண்ணும் பொறித்திருக்கும், தேய்த்தால் போய்விடும். எந்தெந்தக் கப்பலில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்ற விவரம், மாலுமிகளின் பணிப் பதிவைப் பராமரிக்கும் மும்பை மான்குர்து பீரோ ஆஃப் செய்லர்ஸில் கேட்க வேண்டியது. பணி எண் அம்மாயியின் குடும்ப ஓய்வூதிய ஆணையிலும் இருக்கும். அம்மாயி பெயரில் விண்ணப்பம் எழுதி, சேலத்தில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காட்டினால் எப்படி அனுப்புவது என்று சொல்வார்கள். அந்த எண்ணை மட்டும் இங்கே பொதுவில் போட வேண்டாம்.

தை மாதம் அப்புச்சி கைக்குப் போய்ச் சேர்ந்த அந்தக் கடிதத்தை அம்மாயி இன்னும் வைத்திருந்தால், உறையில் இருக்கும் தபால் முத்திரையையும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மடிப்பு கிழியாமல், வெயில் படாமல் எடுங்கள்.